சண்டையைக் கரைக்குக் கொண்டு வாருங்கள்

இந்திய – இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவின் இரு நாட்டு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். தருமபுரி மாவட்டம். காவிரி ஒகேனக்கல்லில் போய் விழுவதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் ஊர். எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் கிடையாது. ராமேஸ்வரம் போவதென்றால் ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே மீன்பிடிச் சண்டை ஓயாத பாக் நீரிணையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

என் வீட்டுக்கு இரண்டு தளம். கீழே நானும் என் மனைவியும். எங்கள் ஒரே மகன் கடலோரக் காவல் படையில் நாவிக், அதாவது மாலுமி. கிழக்குக் கடலில் ஒரு ரோந்துக் கப்பலில் இருக்கிறான். மாடியில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார், ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். தென் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு முதல் போஸ்டிங் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான் விழும். நான்கைந்து வருஷத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இவருடைய அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒருமுறை எல்லை தாண்டிப் பிடிபட்டு, எதிர்க்கரையில் நான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும். திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. அந்த மூன்று நாள் இரவும் எங்கள் மாடியில் விளக்கு அணையாது. கீழே எங்களுக்கு அந்தக் கிழமைக் கணக்கு கிடையாது. கப்பல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னல் போய்விடும். திரும்பி வந்து "சாப்டியாம்மா" என்று அவன் கேட்கிறவரைக்கும் அவன் அம்மா டிவியில் செய்தி வைக்க விடமாட்டாள். ஒருநாள் விடியற்காலையில் மாடியில் போன் அடித்தது. கீழே என் மனைவி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். ராத்திரியில் யார் வீட்டுப் போன் அடித்தாலும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் தூக்கிவாரிப் போடும்.

இதுதான் எனக்கு அங்கே இருக்கிற வேலை.

உங்கள் குழுவைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த அளவுதான் எனக்குத் தெரியும். 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் உட்கார்ந்து பேசினார்கள். கூட்டுப் பணிக்குழு ஒன்று இருக்கட்டும், அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடட்டும், இரண்டு நாட்டுக் கடலோரக் காவல் படைகளுக்கும் நடுவே நேரடித் தொலைபேசி ஒன்று இருக்கட்டும் என்று முடிவானது. நல்ல முடிவுகள். ஆனால் உங்கள் ஐந்தாவது கூட்டம் 2022 மார்ச்சில் நடந்தது. ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில், கொழும்பில். நான் கணக்கு வாத்தியார் இல்லை, சமூக அறிவியல்தான் நடத்தினேன். இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் எட்டு வருஷத்தில் முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. நடுவில் கொரோனா வந்தது, இலங்கையில் பெட்ரோலுக்கும் அரிசிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கூடாத மாதங்களிலும் படகும் ரோந்துக் கலமும் கடலில் கூடிக்கொண்டேதான் இருந்தன.

இரண்டு நாட்டுக் கடல் எல்லையை வகுத்த 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், 285 ஏக்கர் கச்சத்தீவு, இதற்குள்ளெல்லாம் நான் வரவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில்கூட அதற்குத் தீர்ப்பு உண்டு. என்னிடமும் ஒன்று உண்டு, அது இங்கே வேண்டாம். தாளில் கோடு இருக்கிறது. ஐம்பது வருஷமாகியும் படகுக்காரர் மனதில் அது ஏறவில்லை. அந்தச் சண்டை எப்போது தீரும் என்று நானும் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

அதே நேரம், ஒரு விஷயத்தில் என் கருத்தை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்பது சரியாக இருக்காது. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலை நிற்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். 1983 முதல் 2009 வரை போரில் வட இலங்கைத் தமிழ் மீனவர்களைப் பெரும்பாலும் கடலுக்குப் போக விடவில்லை. நம் படகுகள் அந்த வருஷங்களில் அங்கே தாராளமாக இழுத்தன. போர் முடிந்து அவர்கள் கடன் வாங்கி வலை வாங்கிக் கடலில் இறங்கினால், ராத்திரியில் நம் இழுவைமடிப் படகு வந்து அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அவர்களும் நம் மொழி பேசுகிறவர்கள்தான், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருஷம் நம் அரசும் படகு ஒன்றுக்கு 80 லட்சம் கணக்குப் போட்டு, மூன்று வருஷத்தில் 2000 படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றப் போவதாகச் சொன்னது. அந்த மூன்று வருஷம் முடிந்து வெகுநாளாகிறது. பழைய மடி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இதை நான் மாடி டீச்சரிடம் சொன்னபோது அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சார், படகு எங்க அண்ணனோடது இல்ல. அவர் கூலிக்குப் போறவர். எங்க போகணும்னு அவரா முடிவு பண்றார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிடிபடும்போது கையில் விலங்கு விழுவது படகில் இருக்கிறவர்களுக்குத்தான்; படகின் சொந்தக்காரர் அநேகமாகக் கரையில் இருப்பார்.

எதிரில் ரோந்துக் கலத்தில் நிற்கிறவரும் அப்படித்தான். எங்கே போக வேண்டும் என்று அவரும் முடிவு செய்வதில்லை.

என் மகனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பிளஸ் டூ முடித்த பையன்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ், ராணுவம், எல்லைக் காவல், எது கிடைத்தாலும் சரி. என் மகனுக்குக் கிடைத்தது கடலோரக் காவல் படை. ஒடிசாவில் சில்காவுக்குப் பயிற்சிக்குப் போனான். அதுவரை அவன் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான்.

அவன் கப்பலில் ஹரியானாக்காரர், மலையாளி, ஒடியாக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். எல்லைக்கோட்டுப் பக்கம் நம் விசைப்படகுகள் நெருங்கினால் திரும்பிப் போகச் சொல்வது இவர்கள் வேலை. தமிழ் தெரிந்தவன் என்று மைக்கை இவன் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல்முறை அப்படிச் சொன்ன அன்று ராத்திரி, கரைக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணினான். படகுக்காரர்கள் என்ன திட்டினார்கள் என்று சொன்னான், அதை இங்கே எழுத முடியாது. "தமிழனா இருந்துகிட்டு நீயே மறிக்கிறியா" என்பதுதான் அதில் மரியாதையான வரி. "திட்டினதுகூடப் பரவாயில்லப்பா. ஒருத்தர் கும்பிட்டார். உங்க வயசு இருக்கும்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

அக்கரையில் நிற்கும் பையனும் இதே வயதுதான் இருப்பான். குருநாகலையோ அனுராதபுரமோ, கடல் இல்லாத ஏதோ ஒரு ஊர். அங்கேயும் விடியற்காலையில் ஓடிப் பழகித்தான் சேர்ந்திருப்பான். 2024 ஜூன் 25 அன்று காங்கேசன்துறைக் கடலில் நம் விசைப்படகு ஒன்றைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்துபோனார். மறுநாள் பேப்பரில் நம் மீனவர் பத்துப் பேர் கைது என்பது பெரிய எழுத்தில் இருந்தது. அவர் இறந்தது உள்ளே இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "அவங்க அம்மாவுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பாங்க?"

அதே வருஷம் ஆகஸ்ட் 1 அன்று நெடுந்தீவு அருகே ரோந்துக் கலத்தோடு மோதிப் படகு மூழ்கி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். அதற்கு முன்னால் 2021 ஜனவரி 18, கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு. அதிலும் மோதல்தான். நான்கு பேர் போனார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கைத் தமிழ் அகதி. எந்த நாட்டை விட்டுத் தப்பி வந்தாரோ, அந்த நாட்டுக் கடலிலேயே போய்ச் சேர்ந்தார். 2025 ஜனவரியில் நெடுந்தீவுப் பக்கம் துப்பாக்கிச் சூடு, காரைக்காலிலிருந்து போன படகில் காயம். எல்லாம் அக்கரைக்காரர்கள் செய்வதுதான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபரில் நம் கடற்படையே நம் படகின் மேல் சுட்டது. நிற்கச் சொல்லி நிற்காததால் சந்தேகம் என்றார்கள். மயிலாடுதுறை மாவட்டத்து மீனவருக்குக் குண்டுக் காயம்.

இவற்றை வரிசையாக எழுதும்போது எனக்குத் தென்படுவது, பாதிக்கு மேல் யாரும் யாரையும் கொல்ல நினைத்த கதையாக இல்லை என்பதுதான். இருட்டு, இன்ஜின் சத்தம், அலை, பயம். இதற்கு நடுவில் முப்பது நாற்பது டன் இரும்பும் மரமும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. ஒருவர் நில் என்கிறார், மற்றவர் அதை ஓடு என்று எடுத்துக்கொள்கிறார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். அங்கே காவிரிக்கு இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். நடுவில் கோடு எங்கே போகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பாறையைக் காட்டுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்போது, 2008-இல், அந்தக் கோடு பெரிய விவகாரமானது. அக்கரை அரசியல்வாதிகள் வந்து இது எங்கள் இடம் என்றார்கள். இரண்டு பக்கமும் பஸ் ஓடவில்லை, தியேட்டரில் கல் விழுந்தது. கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுத்துப்போன எங்கள் மாவட்டத்துக்கு 2013-இல்தான் அந்தத் தண்ணீர் வந்தது. ஆனால் அந்த 2008-லும், ஆட்கள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்த ஆற்றில், இரு கரைப் பரிசல்காரர்களும் அடித்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "ஆத்துல வச்சு வாய்த்தகராறு பண்ணக் கூடாதுடா. என்ன இருந்தாலும் கரைக்கு வந்து போட்டுக்கணும். ஆத்துல கோவம் வந்தா துடுப்பு தப்பும்" என்றார்.

அவர்கள் கரைக்கு வந்து நன்றாகவே போட்டுக்கொள்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி. அப்பாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. ஆனால் அது போனது கரையில்.

இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. எங்களுக்குக் கீழே, மேட்டூர் நீர்த்தேக்கத்துப் பக்கம், 2023 பிப்ரவரியில் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர் ஆற்றில் பிணமாக மிதந்தார். கர்நாடக வனத்துறையினர் சுட்டதில் இறந்தார் என்றது ஊர், மீன் பிடிக்கப் போனவர் என்றது. வேட்டையாட வந்தவர்கள் என்றது அந்தத் துறை. எல்லையில் போக்குவரத்தையே சில நாள் நிறுத்தினார்கள். ஆற்றிலேயே இப்படி என்றால் கடலைக் கேட்க வேண்டுமா.

அப்பா சொன்னதைப் படிக்காத பரிசல்காரர் பேச்சு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. உலகத்தில் பெரிய பெரிய எதிரிகளே இதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போர் காலத்தில் ஒருவர் போர்க்கப்பலை ஒருவர் உரசிப் பார்த்தார்கள். 1967-இல் ஜப்பான் கடலில் நிஜமாகவே மோதிக்கொண்டார்கள். 1972 மே மாதம் மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். யாருடைய கடல் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எதிரில் வரும் கப்பலின் மேல் பீரங்கியைத் திருப்பி விளையாடக் கூடாது, எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம், வருஷம் ஒருமுறை உட்கார்ந்து நடந்ததைப் பேச வேண்டும், இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்கள்தான். பகை அப்படியே இருந்தது, அதற்குப் பின் இருபது வருஷம் ஓடியது. ஆனால் நடுக்கடலில் முட்டிக்கொள்வது குறைந்தது.

2014-இல் சீனாவின் சிங்தாவ் நகரில் 21 நாட்டுக் கடற்படைகள் கூடி, எதிர்பாராமல் சந்தித்தால் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு நெறிமுறைக்கு ஒப்புக்கொண்டன. அதில் ஒரு ஓட்டை. அது கடற்படைக் கப்பல்களுக்கு. கடலோரக் காவல் கப்பல்கள் அதில் வரவில்லை. அதற்கப்புறம் தென்சீனக் கடலில் யார் யாரை முட்டுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் வெள்ளை வண்ணம் அடித்த காவல் கப்பல்கள்தான். தண்ணீர் பீரங்கி பட்டுப் படகின் கண்ணாடி உடைந்து ஆட்கள் காயப்படுகிறார்கள். 2024 ஜூனில் பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவருக்குக் கைக் கட்டைவிரல் போனது. 2025 ஆகஸ்ட் 11 அன்று ஸ்கார்பரோ திட்டுப் பக்கம் பிலிப்பைன்ஸ் காவல் கப்பல் ஒன்றைத் துரத்தி வந்த இரண்டு சீனக் கப்பல்கள், ஒன்று காவல் கப்பல், இன்னொன்று கடற்படைக் கப்பல், தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. காவல் கப்பலின் முன்பக்கம் தகர டப்பா நசுங்கியது போல நசுங்கிவிட்டது.

அந்த வீடியோவை மகன்தான் எனக்கு அனுப்பினான். நான் நசுங்கிய இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன், "மோதுறதுக்கு முன்னாடி அந்த முன்பக்கத்துல ஆளுங்க நிக்கிறாங்க பாருங்கப்பா" என்றான். திரும்பப் பார்த்தேன். நின்றார்கள். அதற்குப் பிறகு துரத்தப்பட்ட பிலிப்பைன்ஸ் கப்பல், வைத்திய உதவி வேண்டுமா என்று ரேடியோவில் கேட்டது. பதில் வரவில்லை. கேட்டவர்களுக்கும் அந்த முன்பக்கத்தில் நின்ற ஆட்கள் கண்ணில் பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நம் இரண்டு நாடுகளுக்கும் இது புதிதல்ல. 2008 அக்டோபரில் இரு அரசுகளும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. இந்திய மீன்பிடிப் படகுகள் மேல் துப்பாக்கிச் சூடு கிடையாது, இலங்கைக் கரையோரம் அவர்கள் குறிக்கும் சில இடங்களுக்கு இந்தியப் படகுகள் போவதும் கிடையாது என்று. இரண்டு பக்கமும் அதை முழுசாகக் காப்பாற்றவில்லை என்பது மேலே எழுதிய தேதிகளிலேயே தெரியும். ஆனாலும் எழுத முடிந்தது, அதுவும் போர் நடந்துகொண்டிருந்தபோது. அதில் குண்டு மட்டும்தான் இருக்கிறது. இப்போது ஆட்கள் அதிகம் சாவது குண்டில் இல்லை, மோதலில். ஆகவே கலத்தால் கலத்தை முட்டுவதும் கூடாது, ராத்திரியில், காற்று தூக்கியிருக்கும்போது, ஓடுகிற படகின் மேல் ஆளை ஏற்றுவதும் கூடாது என்று இரண்டு வரி சேருங்கள். படகு தப்பித்துப் போனால் போகட்டும், பதிவெண் இருக்கிறது, கரையில் பிடித்து அபராதம் போடுங்கள். நம் பக்கத்து அதிகாரிகளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இது அவர்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், ஓட்டு இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மொழி.

டீச்சருடைய அண்ணன் போன பொங்கலுக்குப் பென்னாகரம் வந்திருந்தார். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பிடிபட்ட இரவைப் பற்றி அவராகவே சொன்னார். கோடு தாண்டியது உண்மைதானாம், அதை அவர் மறைக்கவில்லை. மடி கடலில் கிடந்தது, தூக்க நேரம் ஆகும். பெரிய விளக்கு ஒன்று முகத்தில் அடித்தது. மைக்கில் ஏதோ சொன்னார்கள். சிங்களமா இங்கிலீஷா என்றுகூடத் தெரியவில்லை. போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஓட்டுநர் இன்ஜினைக் கூட்டினார். தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கலம் உரசி ஒரு பக்கத்துப் பலகை உடைந்தது. "வேண்டாம், வேண்டாம்னு தொண்டை கிழியக் கத்துனேன் சார். அவங்களுக்கு என்னா தெரியும்?" என்றார்.

அப்புறம் ஒரு பையன் துப்பாக்கியோடு இவர்கள் படகில் குதித்தான். குதித்தவன் இவரைப் பார்த்து "அய்யா, அய்யா" என்றான். இவருக்கு எரிச்சல். துப்பாக்கியைக் காட்டிக்கொண்டே ஐயா என்கிறானே, நக்கலா என்று. படகு ஆடிய ஆட்டத்தில் அந்தப் பையன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். இவர்தான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி "அய்யா" என்றான்.

சிறையில் கூட இருந்த ஒருவர்தான் பிறகு சொன்னாராம். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்.

"அண்ணேன்னு கூப்பிட்டிருக்கான் சார். நான் முறைச்சுக்கிட்டே இருந்திருக்கேன்" என்று அண்ணன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அக்காவுக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார். அக்காதான், அம்மாவும் அம்மாதான் என்றார் அண்ணன்.

என் மகன் கையில் மைக் வந்ததும் படகுக்காரர்கள் திட்டினார்கள் என்று சொன்னேன் அல்லவா. திட்டினார்கள், ஆனால் திரும்பினார்கள். சொன்னது புரிந்ததால்தான் திட்டவே முடிந்தது. பாக் நீரிணையில் ஓடும் ஒவ்வொரு ரோந்துக் கலத்திலும், எந்த நாட்டுக் கலமானாலும், தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் மைக் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இலங்கையில் தமிழ் ஆட்சிமொழி. ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. நம் பக்கத்திலும் தருமபுரிப் பையனைக் குஜராத்துக்கும் ஹரியானாப் பையனை மண்டபத்துக்கும் போடுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரிவதில்லை. ஆள் கிடைக்காத இரவுக்காக ஒரு பத்து வாக்கியத்தை இரு மொழியிலும் ஒலிப்பதிவு செய்து வைத்தால்கூடப் போதும். இன்ஜினை நிறுத்து. மடியை விட்டுவிடு. கையை மேலே வை. நாங்கள் சுட மாட்டோம். காயம் இருக்கிறதா. இதற்கு எந்த அமைச்சரவையின் ஒப்புதலும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். படகுக்காரர்களுக்கும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கிற இடத்தில் சிங்களத்தில் அதே பத்து வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கலாம்.

பிடித்ததும் வீட்டுக்குத் தகவல் சொல்வது இன்னொன்று. இப்போது எப்படித் தெரிகிறது தெரியுமா? கூடப் போன வேறு படகுகள் கரைக்குத் திரும்பி, அந்தப் படகைக் காணோம் என்று சொல்லி, அது வாட்ஸாப்பில் சுற்றி, அதற்குப் பிறகுதான். அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரிய டீச்சருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடச் செய்யுள் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். பெயர், ஊர், காயம் உண்டா இல்லையா. இந்த மூன்றையும் அந்த நேரடித் தொலைபேசியில் ஆறு மணி நேரத்துக்குள் சொல்லிவிட முடியாதா?

யாராவது இறந்தால், எந்தப் பக்கத்தவர் ஆனாலும், விசாரணையில் இரண்டு நாட்டுக்காரர்களும் உட்கார வேண்டும். அந்த அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். இறந்துபோன இலங்கைக் கடற்படை வீரரின் வீட்டில் தமிழ் தெரிந்தவர் இருக்க வாய்ப்பில்லை, நம் மீனவர் வீட்டுப் பெண்களுக்குச் சிங்களம் தெரியாது. இங்கிலீஷில் வருகிற அறிக்கை இருவருக்குமே பயன்படாது.

படகுகளைத் திருப்பித் தருவது பற்றியும் எழுத நினைத்தேன். 2022 பிப்ரவரியில் அங்கே 105 படகுகளை ஏலம் விட்டபோது இங்கே எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று டீச்சர் நீளமாகச் சொன்னார். ஆனால் மரம் வேறு, ஆள் வேறு. அதை வேறொரு மடலில் வைத்துக்கொள்கிறேன்.

இந்த மடலைச் சிங்களத்தில் மாற்றிக் கொடுக்க எனக்குத் தருமபுரியில் ஆள் கிடைக்கவில்லை. உங்கள் குழுவில் இரண்டு மொழியும் தெரிந்தவர் கட்டாயம் இருப்பார். அவர் சிரமம் பார்க்காமல் மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னால் போதும்.

அண்ணன் ஊருக்குத் திரும்பிப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து இன்னொன்று சொன்னார். வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் "எப்பா" என்று சொன்னால் போதுமாம். நம் காதுக்கு அப்பாவைக் கூப்பிடுவது போல இருக்கிறது. அதைத் தான் கூலிக்குப் போகும் படகில் ஓட்டுநர் நிற்கும் வீல்ஹவுஸ் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாராம், கூட வருகிற பையன்களுக்காக. உப்புக் காற்றில் அழிந்துவிடுகிறது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் மறுபடி எழுதுகிறேன் என்றார்.

அன்று ராத்திரி மகன் போன் பண்ணியபோது அந்தச் சொல்லை அவனுக்குச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னான். அப்புறம், "இருங்கப்பா, எழுதிக்கிறேன்" என்றான்.

இப்படிக்கு,
நாவிக் ஒருவனின் அப்பா,
பென்னாகரம்.